துண்டுக்குள் எட்டு

தலைவலி இல்லாத ஒரு காலைப்பொழுதின் விலை, போன வருடக் கணக்குப்படி, நூற்று நாற்பத்தேழு ரூபாய். டாக்டர், ஸ்கேன், மாத்திரை, இரண்டு மூக்குக் கண்ணாடி, தைலம், வேண்டுதல், தஞ்சாவூர் போய்வந்த டீசல் எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று இருபது. அதை என் மனைவிக்கு வலிக்காத நாள்களால் வகுத்தேன். குத்துமதிப்பாக இருநூற்று அறுபது. மீதியில்லாமல் வகுபட்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. போய்ச் சொன்னேன்.

"அவ்வளவுதானா? மலிவா இருக்கே," என்றாள் சுடர்விழி. "மொத்தமா ஒரு ஆயிரம் வாங்கிப் போட்டுருங்க."

அவள் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறேன். என் அப்பா மாட்டுத் தரகர். நான் நடை பழகியதே சந்தையில்தான் என்று சொல்வார்கள். விழுந்தால் எங்கே விழுவேன் என்று உங்களுக்கே தெரியும்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பக்கத்தில் நிற்பவன் காதில் விழும், அவன் உடனே கூட்டிக் கேட்பான். அதனால் இரண்டு பேரும் கையை நீட்டிக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்து அமுக்கினால் ஐந்து. ஐந்தை அமுக்கி விட்டுவிட்டு மூன்றைப் பிடித்தால் எட்டு. எட்டுக்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலில் பிடிக்கிற விரல் விலை அல்ல, அது வெறும் வணக்கம். எட்டு என்று வணக்கம் வைத்தால் ஐந்தைப் பிடித்துப் பதில் வணக்கம் வைக்க வேண்டும். ஒத்துவராதவன் திரும்ப அமுக்குவான். ஒத்துக்கொண்டவன் கையைத் தளர்த்துவான். கை தளர்ந்தால் முடிந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

கல்யாணமான புதிதில் சுடருக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். விருந்துக்குப் போகிற வீடுகளில் அவளுடைய புடவைத் தலைப்புக்குள் நாங்கள் சாப்பாட்டுக்கு மார்க் போடுவோம், பத்துக்கு. என் அத்தை வீட்டு சாம்பாருக்கு அவள் இரண்டு விரலைப் பிடித்தாள். சொந்த அத்தையாயிற்றே என்று நான் நான்கைப் பிடித்தேன். திரும்பவும் இரண்டு. இறங்கி மூன்றைப் பிடித்தேன். விரல் நெரிகிற மாதிரி இரண்டு.

"சந்தைக்கு நீ லாயக்கில்ல," என்றேன் வெளியே வந்ததும். "கொஞ்சம் ஏறி இறங்கித்தான் பேசணும்."

"சாம்பார் ரெண்டுதாங்க. நான் எங்கேர்ந்து ஏறுறது?"

அவள் அப்பா ரெத்தினம் குடவாசல் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். மிராசு வீட்டு வாசலில் நின்று கூலியை ஒரே சொல்லாகச் சொல்வாராம். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கட்டுப்படியாகவில்லை என்றால் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்துவிடுவார். அந்த வீட்டின் முதல் பட்டதாரிக்கு எப்படிப் பேரம் வரும்? எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்திலும் நடந்த பேரம் வேறு கதை. அதிலும் அவள் ஒரே விலைதான் சொன்னாள்.

அந்த சாம்பாரை நான் மறந்திருக்கக் கூடாது.

முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வந்தது. முதலில் பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு மினுங்கும். கால் மணி நேரத்தில் வலது கண்ணுக்குப் பின்னால் வலி இறங்கும். "உங்க மண்டியில தேங்கா உரிக்க இரும்புப் பாரை நட்டு வச்சிருக்கீங்கல்ல? அது இங்க இருக்கு," என்று புருவத்தைத் தொட்டுக் காட்டுவாள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்துணியைக் கண்ணில் போட்டுப் படுத்தால் எழுந்திருக்க ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்.

பட்டுக்கோட்டையில் இதற்கு வைத்தியம் தெரியாத ஒரே ஆள் நான்தான். சுக்குப் பத்து போட்டோம். நொச்சி இலை ஆவி பிடித்தோம். யாரோ சொன்னார்கள் என்று நன்றாக இருந்த கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினோம். பல்லும் போய் வலியும் இருந்ததில் அவளுக்கு என்மேல் கொஞ்சநாள் கோபம். அதிராம்பட்டினத்து ஹஸ்ஸான், என்னிடம் இருபது வருடமாகத் தேங்காய் எடுக்கிறவன், மலேசியாவிலிருந்து தம்பி அனுப்பிய தைலத்தோடு வந்தான்.

"ஒரே சொட்டு, மதி. நெத்தியில வச்ச உடனே தங்கச்சி எந்திரிச்சு உக்காரும்."

மூடியைத் திறந்ததுமே எழுந்து உட்கார்ந்தாள். அப்படியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். ஹஸ்ஸானுக்கு முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் அவன் அத்தர் பூசுவதில்லை. வாசலிலேயே நின்று, "தங்கச்சி, வெறும் சோப்புதான். உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான்.

விரல் பேச்சு திரும்ப வந்தது ஒரு சித்திரை மத்தியானத்தில். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய் முட்டுகிறதாம். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கையை மட்டும் நீட்டினேன். அவள் கண்ணில் கிடந்த ஈரத்துண்டின் முனை எங்கள் கைமேல் விழுந்தது. ஐந்தை அமுக்கினாள். விட்டாள். இரண்டைப் பிடித்தாள்.

ஏழு. வலிக்கு மார்க் போட்டிருக்கிறாள், பத்துக்கு. பிறகு வாய் பேசாமலே எல்லாம் பேசினோம். ஒரு முறை தட்டினால் தண்ணீர். இரண்டு முறை தட்டினால் வாந்திக்கு வாளி. உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டால், போய்விடு, ஆனால் தூரமாகப் போய்விடாதே.

போன ஜூனில் தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் அனுராதாவிடம் போனோம். ஐம்பது வயது இருக்கும், சின்னக் குரல். தலைவலிக்காரர்களுக்கென்றே அந்தக் குரலைப் பழக்கி வைத்திருக்கிறார் என்று தோன்றியது. வலி வந்தால் போடச் சில மாத்திரைகள் கொடுத்துவிட்டு, ஒரு நோட்டுப் போடச் சொன்னார்.

"என்னிக்கு வந்துச்சு, எவ்வளவு நேரம், எத்தன மாத்திரை, வலி பத்துக்கு எவ்வளவு. நாலே கட்டம். அத வச்சுத்தான் வைத்தியம். தினமும் ஒரு மாத்திரை போட்டு வலி வராமலே தடுக்கலாம், அதுக்கும் மருந்து இருக்கு. ஆனா அது தேவையா இல்லையான்னு இந்த நோட்டுதான் சொல்லணும்."

பத்துக்கு எவ்வளவு என்றதும் என் கை துறுதுறுத்தது. நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். வலிக்கும்போது அவளால் கட்டத்தைப் பார்க்க முடியாது, கட்டம் ஆடும். வலிக்காதபோது அந்த நோட்டின் அட்டையைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்காது. நோட்டு மண்டியில் என் மேஜை டிராயரில் இருந்தது. வலி நாளில் துண்டுக்குள் விலை கேட்பேன், மண்டிக்கு வந்து எழுதுவேன்.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அவள் எட்டைப் பிடிப்பாள். நான் ஐந்தைத் திருப்பிப் பிடிப்பேன். அவள் கை தளரும். நான் நோட்டில் ஐந்து என்று எழுதுவேன்.

இதில் எனக்கு ஓர் உறுத்தலும் இல்லை. பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லை. படிந்த விலையைத்தானே நோட்டில் ஏற்ற முடியும்?

செப்டம்பரில் இரண்டாவது தடவை போனோம். வழியெல்லாம் குறுவை நெல்லைத் தார் ரோட்டில் பாதிக்குக் காயப் போட்டிருந்தார்கள். டாக்டர் நோட்டைப் புரட்டினார். மூன்று மாதத்தில் இருபத்தொரு நாள். சராசரி நாலு.

"வேலைக்குப் போறீங்களா?"

"போறாங்க டாக்டர். சமாளிச்சுர்றாங்க," என்றேன் நான். கேட்டது அவளை.

"மிதமான வலிதான். தடுப்பு மாத்திரைக்கு இப்ப அவசரமில்ல. அதுலயும் தூக்கம், எடை கூடுறதுன்னு தொந்தரவு இருக்கு. இப்ப போடுறதையே போடுங்க, டிசம்பர்ல பாப்போம்."

வெளியே வந்ததும், "மிதமாம்," என்றாள் சுடர். ஒரு டாக்டர் மிதம் என்று சொன்னால் நல்ல சேதிதானே என்று நான் அசோகா அல்வா அரைக் கிலோ வாங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் அவள் உட்கார்ந்து விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதினாள். இருபத்தொரு வருட சர்வீஸ். தேதி போடவில்லை, கையெழுத்துப் போடவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தாள்.

"என்ன அவசரம்? இன்னும் பதினாலு வருசம் இருக்கு," என்றேன்.

"பத்தாம் வகுப்புல முப்பத்தி நாலு பிள்ளைங்க. போன வாரம் போர்டுல தேற்றம் எழுதிக்கிட்டிருக்கேன், பாதியில கோடு ஆட ஆரம்பிச்சிருச்சு. திரும்பிப் பாத்தா ஒரு பிள்ளை எந்திரிச்சுப் போயி ஜன்னல சாத்துது. இன்னொண்ணு ஃபேன நிறுத்துது. மணி அடிச்சதும் முப்பத்தி நாலு பேரும் செருப்பக் கையில தூக்கிக்கிட்டு வெளிய போறாங்க, சத்தம் வரக் கூடாதுன்னு."

"நல்ல பிள்ளைங்க."

"நல்ல பிள்ளைங்கதான். ஆனா பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க குசுகுசுன்னு பேசிக்கிட்டு ஓரமா நடந்தா அது கணக்கு வகுப்பு இல்லங்க, எழவு வீடு." புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "மிதமான வலிக்கே இப்படி ஆகுறவ அங்க நிக்கக் கூடாது. டிசம்பர்ல ஒருக்கா போவோம். அதே பதில்தான்னா கையெழுத்துப் போட்டுருவேன்," என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். குறைத்துப் பேச இடமில்லை.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் நான் குறைத்துப் பேசி ஜெயித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான். மார்கழி பிறக்கப்போகிறது என்றதும் தெருமுனைப் பிள்ளையார் கோயில் கமிட்டித் தலைவர் துரைராசுவைப் போய்ப் பிடித்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு அந்தக் குழாய் ஸ்பீக்கர் நேராக எங்கள் படுக்கையறையைப் பார்த்துப் பாடும்.

"ஸ்பீக்கர வாய்க்கா பக்கம் திருப்பிருங்கண்ணே. மார்கழி முப்பது நாளும் சாமிக்குத் தேங்கா என்னுது."

"நாளைக்கு எத்தன?"

"மூணு."

"பதினொண்ணு."

"அஞ்சு. அதுக்கு மேல உடைச்சா பிள்ளையாருக்கே கொழுப்பு ஏறிரும்."

"ஏழு," என்றார் துரைராசு, "கடைசி நாள் இருபத்தொண்ணு." முடித்தோம். கையைக் குலுக்கிய பிறகு, "டீச்சருக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சும்மாவே திருப்பிருப்பேனேப்பா," என்றார்.

"நெசமாவா?"

"தேங்கா வாங்கிட்டுத்தான் திருப்பிருப்பேன். ஆனா வருத்தப்பட்டுக்கிட்டே வாங்கிருப்பேன்."

டிசம்பர் கடைசியில், அரைப் பரீட்சை லீவில், தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். நான் செய்த முதல் தப்பு, காலை வெயிலில் கிளம்பியது. எங்கள் பக்கத்து ரோட்டில் தென்னை வரிசை. வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் கார் போனால் நிழல், வெயில், நிழல், வெயில் என்று கண்ணில் படபடவென்று அடிக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ரோடு, எனக்கு அது கண்ணிலேயே பட்டதில்லை. ஒரத்தநாட்டுக்கு முன்பே சுடர் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கோடு வந்திருச்சு," என்றாள். தென்னையில் பிழைக்கிறவன் பெண்டாட்டிக்குத் தென்னை நிழல் ஆகவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டி.வி. ஓடியது, குழந்தை அழுதது, யாரோ பினாயில் போட்டுத் துடைத்தார்கள். அவள் என் தோள் துண்டை எடுத்துத் தலையோடு முக்காடு போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது கிட்டத்தட்ட நான் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

டாக்டர் பார்த்ததும் எழுந்து டியூப் லைட்டை அணைத்தார். திரையை இழுத்தார். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தோம்.

"எவ்வளவு வலிக்குது சுடர்விழி?" என்று கேட்டார், மூச்சு விடுகிற சத்தத்தில்.

சுடர் வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் என் பக்கம் நீண்டது. துண்டின் முனையைக் கைமேல் இழுத்துவிட்டேன். ஐந்தை அமுக்கினாள். விட்டாள். மூன்றைப் பிடித்தாள். நான் ஐந்தைத் திருப்பிப் பிடித்தேன். கை தளர்ந்தது.

"அஞ்சு டாக்டர்," என்றேன்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு வெளுத்து, வலது கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அஞ்சா?"

"ஆமா. இப்பதான் முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

நான் சொன்னேன். சந்தை, துண்டு, அப்பா, எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் கடைசிவரை கேட்டார். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, "கொஞ்சம் தள்ளுங்க," என்று என் இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, துண்டுக்குள் தன் கையை விட்டார்.

"சுடர்விழி, இது என் கை. என்கிட்ட சொல்லுங்க."

துண்டு லேசாக அசைந்தது. நின்றது. திரும்ப அசைந்தது.

"அஞ்சு," என்றார் டாக்டர். "மூணு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எட்டுங்க."

"முதல்ல எட்டுதான் டாக்டர். அப்புறம் நான் அஞ்சு கேட்டேன். ஒத்துக்கிட்டாங்க."

"எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"கை தளர்ந்துச்சு."

டாக்டர் சுடரின் கையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இந்த வலியில கை தளராம என்னங்க செய்யும்?" என்றார்.

அறை இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

"நோட்டுல இருக்கிற எல்லாமே இப்படித்தானா?"

நான் தலையாட்டினேன்.

"இந்த நாலையும் அஞ்சையும் பாத்துத்தான் செப்டம்பர்ல தடுப்பு மாத்திரை வேண்டாம்னு சொன்னேன். நானும் இவங்ககிட்ட நேரா கேட்டிருக்கணும், கேக்கல. ஆனா நீங்க எழுதிக் குடுத்தது இவங்க வலி இல்ல சார். உங்க ஆசை."

ஊசி போட்டு, உள்ளே ஒரு சின்ன அறையில் படுக்க வைத்தார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன். திறக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டு, தினமும் படுக்கப் போகுமுன் போடும் தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடனே கேட்காது, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். முழுசாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது, பாதியாகக் குறைந்தால் அது வெற்றி. வலி மாத்திரையை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது, அதுவே தலைவலியைக் கொண்டுவரும். "நோட்ட சரிபண்ணி எனக்கு அனுப்புங்க," என்றார்.

வெயில் இறங்கியபிறகு கிளம்பினோம். வயலில் சம்பா கதிர் வாங்கி நின்றது. வலி வரும்போது அவள் காது ஊசியைவிடக் கூர்மை. அறையில் பேசியதில் ஒரு சொல் தப்பியிருக்காது. ஒரத்தநாடு கடைத்தெரு வந்தது.

"நிறுத்துங்க. உப்புக் கடலை வேணும்," என்றாள்.

வலி விட்டால் அவளுக்கு உப்பு வேண்டும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். இரண்டு கடலை வாயில் போட்ட பிறகு கேட்டாள்.

"ஒன்பதுன்னா எத்தன எழுதுவீங்க?"

"ஆறு."

"ஏழுன்னா?"

"நாலு. சில நாள் மூணர."

"அரை வேறயா?"

நான் வண்டியின் எஞ்சினை அணைத்தேன்.

"செப்டம்பர்ல அவங்க மிதம்னு சொன்னாங்கள்ல," என்றாள். "எட்டுன்னு சொல்லியும் மிதம்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். அப்ப ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்குது, எல்லாரும் தாங்கிக்கிட்டு வேலைக்குப் போறாங்க, எனக்குத்தான் தெம்பு பத்தலன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த லெட்டர அதுக்குத்தான் எழுதினேன்."

கடலைப் பொட்டலத்தை அவள் என் பக்கம் நீட்டினாள். என்னால் எடுக்க முடியவில்லை.

"நான் உன்கிட்ட பேரம் பேசல சுடர்."

"பின்ன?"

"அதுகிட்ட. அந்தத் தலைவலிகிட்ட. நீ எட்டுன்னு புடிச்சா எனக்குக் கல்லாவுல கணக்கே ஓடாது. அஞ்சுன்னு எழுதிட்டா, அஞ்சுதான, பரவால்லன்னு... அத எழுதிட்டுத்தான் எனக்கு யாவாரத்துல உக்கார முடியும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"அது இறங்கி வந்துச்சா?"

"இல்ல."

"ஒரு அரை?"

"அரைகூட இல்ல."

"சந்தைக்கு நீங்களும் லாயக்கில்ல," என்றாள் என் மனைவி. ஒரு கடலையை எடுத்து என் வாயில் போட்டாள்.

அப்பா பத்து வருடத்துக்கு முன் விற்ற மாட்டுக்கும் முதலில் என்ன கேட்டார்கள் என்று சொல்வார். வாய் மறந்தாலும் கை மறக்காது என்பார். மறுநாள் மண்டியைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்து, அவளுடைய சிவப்பு மை பேனாவை வாங்கிக்கொண்டேன். ஐம்பத்தெட்டு நாள். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக் கையை நீட்டிப் பார்த்தேன். ஆடிப் பெருக்கன்று ஒன்பது. அத்தை மகன் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போன நாளில் எட்டு. ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைகள் மாலை வாங்கி வைத்துக் காத்திருந்த நாளில் ஏழு. நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் அவள் பிடித்ததை எழுதினேன்.

சுடர் திருத்தி முடித்த நோட்டை வாங்கி விடைத்தாள் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஆசிரியர் தினம் ஏழு இல்ல. எட்டு," என்றாள். எட்டாக்கினேன். மறுபேச்சு பேசவில்லை.

பிறகு கணக்குப் புத்தகத்திலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். கையெழுத்துப் போடப்போகிறாள் என்று நினைத்தேன். அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெற்றிடத்தில் கூட்டல் போட ஆரம்பித்தாள். எனக்குப் புரிய வைக்கிற மாதிரி, பத்தாம் வகுப்புக்கு எழுதுகிற கையெழுத்தில், பெரிதாக.

"நான் சொன்னது நானூத்தி இருபத்தொன்பது. நீங்க எழுதினது இருநூத்தி நாப்பத்தாறு. அமுக்கினது நூத்தி எம்பத்தி மூணு."

"லெட்டர்?"

"கிழிக்கல. மூணு மாசம் பாப்போம். பரீட்சை முடியட்டும்."

"அந்த நூத்தி எம்பத்தி மூண நான் எப்படிக் கட்டுறது?"

அவள் யோசித்தாள். "வலி வர்ற நாள்ல நான் என்ன புடிக்கிறேனோ அத அப்படியே எழுதணும். திருப்பிப் புடிக்கக் கூடாது. அப்படி எழுதுற ஒவ்வொரு நாளுக்கும் ஒண்ணு கழிச்சுக்கிறேன்."

நல்ல பேச்சு என்று ஒத்துக்கொண்டேன். அன்று ராசியான வியாபாரி மாதிரி தலையை ஆட்டிவிட்டு, சாயங்காலம்தான் அந்த ஒப்பந்தத்தின் உள் விஷயம் எனக்குப் புரிந்தது. அவளுக்கு வலி குறையக் குறைய என் கடன் அடைவது தள்ளிப்போகும். மருந்து நன்றாகக் கேட்டால் நான் கடன்காரனாகவே சாவேன். கணக்கு டீச்சரிடம் நான் இதுவரை ஜெயித்ததே இல்லை.

ஜனவரியில் அவள் வகுப்பில் உட்கார்ந்தே தூங்கி விழுந்தாள், மாத்திரை அப்படி. எடையும் ஏறியது, ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைக்கக் கொடுத்தோம். பொங்கலன்று பானை பொங்குகிற நேரத்தில் கோடு வந்தது. அவள் ஒன்பதைப் பிடித்தாள். திருப்பிப் பிடிக்காமல் இருப்பதற்கு நான் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்பது என்று எழுதினேன். எழுதிவிட்டு மண்டிக்குப் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளங்கையில் வட்டம் போடவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

மார்ச் கடைசியில், பொதுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணிய ஒரு நாள், சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டு நாற்காலியில் விழுந்தாள்.

"என்ன, தலையா?"

"தொண்ட. இன்னிக்கு வகுப்புல ஒரே இரைச்சல். ரெண்டு தடவ மேசையத் தட்டி அடக்க வேண்டியதாப் போச்சு," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

கடிதம் இன்னும் இருக்கிறது, கிழிக்கவில்லை. பின்பக்கத்தில் இடம் இருப்பதால் மாதக் கடைசியில் அதில்தான் கழிக்கிறாள். கூட்டல் சரிதானா என்று என்னிடம் காட்டுகிறாள், நான் பார்த்துச் சரி என்கிறேன்.

அமுக்கியது 183.
ஜனவரி 9, பிப்ரவரி 7, மார்ச் 4. கழிந்தது 20.
பாக்கி 163.